குட்டியின் இடது கண்

அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தது தட்டக்காதான். பின்னாளில் யாரும் அதை அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. ஒரு தடவையாவது யாராவது சொல்லிக் காட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ.

திங்கட்கிழமை காலை. தட்டக்கா வேலைக்குக் கிளம்பும் பரபரப்பில் இருந்தாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள் நாத்தனார் நின்றுகொண்டு, இடது கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் கண்ணு செவந்தப்ப ஒரு மருந்து போட்டாரே, அது இருக்கா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. நேத்து டபுள் டியூட்டி. வந்து அப்படியே லென்ஸோட படுத்துட்டேன்."

தட்டக்கா அலமாரியின் மேல் தட்டில் கைவிட்டுத் துழாவி, பாதி காலியான பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். "லென்ஸைக் கழட்டிட்டுப் போடு. ரெண்டு நாளைக்குக் கண்ணாடி மாட்டிக்கோ" என்றாள். கண்ணைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. பேருந்து போய்விடும் என்கிற அவசரம்.

வீட்டின் கடைசிப் பெண் என்பதால் நாத்தனாருக்குக் குட்டி என்று பெயர். ஆளும் குட்டைதான். நாற்பது அடி நகரப் பேருந்தை ஓட்டுகிறவளுக்கு இந்தப் பெயரா என்று டிப்போவில் கேலி பண்ணாத ஆள் கிடையாது. ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஸ்டீயரிங்கும் இரண்டு கண்களும்தான் தெரியும் என்பார்கள். "அது போதும். ரோட்டைப் பாக்குறதுக்குக் கண்ணுதானே வேணும்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

தட்டக்காவின் பெயர் வேலை வாங்கிக் கொடுத்த பெயர். சலவைத் தூளில் சேர்க்கும் என்சைம் தயாரிக்கிற தொழிற்சாலையில், சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சட்டையில் ஒட்டிய ரத்தம், முட்டை, பால் இதெல்லாம் புரதம். சோப்புக்கு லேசில் மசியாது. அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிற என்சைமைப் பாக்டீரியாக்கள் கக்கும். பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து, கக்க வைத்து, வடிகட்டி எடுப்பது அங்கே தொழில். கக்குகிறதா இல்லையா என்று பார்க்க, பால் பவுடர் கலந்து உறையவைத்த வெள்ளைத் தட்டுகளில் தொட்டி நீரை ஒரு சொட்டு வைப்பார்கள். என்சைம் இருந்தால் சொட்டைச் சுற்றிப் பால் கரைந்து, கண்ணாடி போல ஒரு வளையம் தெளியும். பதினொரு வருஷமாக நாளெல்லாம் அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் அவள் தட்டக்கா ஆகிவிட்டாள். வீட்டுக்காரர்கூடச் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பள்ளிக்கூட வாத்தியார்.

அந்த வாரம் மூன்றாம் தொட்டி அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது, ஆனால் கக்கவில்லை. நான்கு நாளாகத் தட்டில் வளையமே இல்லை. மேனேஜர் அரை மணிக்கு ஒரு தரம் சோதனைக்கூடக் கதவில் தலையை நீட்டி "எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எப்போதும் அவர் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். அதனால் அவருக்கே 'எப்பமுடியும்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நம்ம அவசரம் அதுங்களுக்குத் தெரியாது சார்" என்றாள் தட்டக்கா. "வயிறு நிறைஞ்சிருக்கிற வரைக்கும் வாயைத் திறக்காது."

விஷயம் அதுதான். என்சைம் தயாரிப்பது பாக்டீரியாவுக்குச் சும்மா வருகிற காரியமில்லை. இருக்கிற சத்தைப் போட்டு உருவாக்கி, உடம்புக்கு வெளியே தள்ள வேண்டும். சுற்றிலும் சர்க்கரை இருக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும்? சர்க்கரை தீர வேண்டும். அதுவும் போதாது, ஆள் சேர வேண்டும். தனியாக ஒன்று கக்கினால் தண்ணீரோடு போய்விடும், அதற்கே பலன் இருக்காது. ஆகவே ஒவ்வொன்றும் ஒரு துளிச் சமிக்ஞைப் பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளும் சுற்றிலும் கூடும். ஓர் அளவைத் தாண்டியதும், 'நாம் போதுமான பேர் இருக்கிறோம்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் சேர்ந்தாற்போல் வாய் திறக்கும். அதுவரைக்கும் அப்படி ஒரு சாது கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளே கோளாறைக் கண்டுபிடித்தாள். சர்க்கரைப் பாகு போகிற குழாயின் வால்வு முழுக்க மூடவில்லை. சொட்டுச் சொட்டாகப் பாகு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஃபிட்டர் வந்து மாற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குட்டி டியூட்டியில் இருந்தாள். "கண்ணு சரியாயிடுச்சு அண்ணி, செவப்பே இல்ல. கைராசி மருந்து" என்று போனில் செய்தி அனுப்பியிருந்தாள். தட்டக்கா சிரித்த முகம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள்.

புதன்கிழமை காலையில் தட்டைத் திறந்தபோது பதினெட்டு மில்லிமீட்டர் வளையம். அதன் வழியாகக் கீழே வைத்த காகிதத்தின் எழுத்தைப் படிக்கலாம் போல அவ்வளவு தெளிவு. எப்பமுடியும் முகத்தில் முதல் தடவையாகக் கேள்வி இல்லை. அந்தத் தட்டு கையில் இருக்கும்போதுதான் டிப்போவிலிருந்து போன் வந்தது.

"உங்க நாத்தனாரு இங்க உக்காந்திருக்காங்க. கண்ணைத் தொறக்க முடியல. வலியில துடிக்கிறாங்க. உடனே வாங்க."

டிப்போவின் ஓய்வறையில் குட்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். தட்டக்கா துண்டை விலக்கிப் பார்த்தாள். கண் வீங்கி, பச்சையும் மஞ்சளுமாகப் பீளை ஒழுகிக்கொண்டிருந்தது. இமையை மெல்லப் பிரித்தாள். கருவிழியின் நடுவில், பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. சுற்றிலும் பால் தெளித்த மாதிரி மங்கல்.

தட்டில் வெள்ளை தெளிந்தால் என்ன அர்த்தமோ, கண்ணில் தெளிவு வெளுத்தாலும் அதே அர்த்தம்தான். கருவிழியின் மேல் கண்ணாடி முழுக்க முழுக்கப் புரதத்தால் நெய்தது. ஏதோ ஒன்று அதைத் தின்றுகொண்டிருந்தது.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்ததுமே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புண்ணிலிருந்து லேசாகச் சுரண்டி எடுத்து ஒரு தட்டில் தடவினார். அந்தத் தட்டைத் தட்டக்கா பார்த்தாள், பிறகு பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

"லென்ஸை எதுல கழுவுவீங்க?"

"தண்ணி தீர்ந்துபோச்சு... லென்ஸுக்கான தண்ணி. டிப்போ குழாய்லதான், போன வாரம் ரெண்டு மூணு நாளு" என்றாள் குட்டி.

"வேற ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"போட்டேன். சிவப்புக்குப் போடுறது."

தட்டக்கா கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்திருந்தாள். டாக்டரம்மா பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இது ஸ்டீராய்டு. அலர்ஜிக்குப் போடுறது. சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும். கூடவே உடம்பு கிருமியோட போடுற சண்டையையும் அடக்கிடும். ரெண்டு நாள் அதுங்களுக்கு ராஜபோகம். இதை யார் கொடுத்தாங்க?"

தட்டக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் குட்டி முந்திக்கொண்டாள். "யாரும் கொடுக்கல டாக்டர். நானேதான் அலமாரியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகும் தட்டக்கா அதைத் திருத்தச் சொல்லவில்லை.

டாக்டரம்மா அறைக்கு வெளியே வந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "டாக்டர், நான் வேலை செய்யறது பாக்டீரியா ஃபேக்டரியில. என் மூலமா எதாவது..."

"இல்லம்மா. அது வேற, இது வேற. இது குழாய்த் தண்ணியில இருக்கிறது. பச்சையாப் பீளை வந்தா பெரும்பாலும் அதுதான். நாளைக்கு ரிசல்ட் வந்திரும். ஆனா அதுக்காகக் காத்திருக்க முடியாது, இப்பவே ஆரம்பிச்சிடணும். அரை மணிக்கு ஒருதரம், ரெண்டு மருந்து. ராத்திரியும் விடக் கூடாது."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த குட்டிக்கு அரை மணிக்கு ஒருதரம் தட்டக்காவே மருந்து விட்டாள். நர்ஸ் விடுகிறேன் என்றாலும் கேட்கவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் குட்டி கட்டில் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். அப்போதும் வாய் சும்மா இருக்காது. "அண்ணி, உங்க பாக்டீரியாவை எல்லாம் கொஞ்சம் கண்டிச்சு வைக்கக் கூடாதா?"

தட்டக்கா சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒவ்வொரு படியாகத் தெரியும், அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை லென்ஸுக்கு அடியில் கொஞ்சமே கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கும். அப்போது அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. கூட்டம் சேராமல் அது கை வைக்காது. திங்கட்கிழமை அந்தச் சொட்டு போனதும், துரத்த ஆளில்லாத இடத்தில் நிம்மதியாகப் பெருகியிருக்கும். செவ்வாய்க்கிழமை சிவப்பு போய்விட்டது என்று குட்டி சந்தோஷப்பட்டாளே, அப்போதுதான் அவை தங்களுக்குள் எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கும். புதன்கிழமை ஆள் போதும் என்று தெரிந்து, சேர்ந்தாற்போல் வாய் திறந்திருக்கும். அந்த மூன்று நாளும் தொழிற்சாலையில் அவள் ஒரு தொட்டியின் வாயைத் திறக்க வைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா சொன்ன கிருமிதான். கொடுக்கிற மருந்துக்குச் சாகிற கிருமிதான் என்றும் சொன்னார்கள். வாத்தியார் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்போ பயமில்லைல? சாகுதுன்னு சொல்லிட்டாங்களே."

"கிருமி சாகும்ங்க. அது கக்கினது சாகாது."

"புரியலையே."

"எங்க ஃபேக்டரியில பாக்டீரியாவை எல்லாம் வடிகட்டித் தூக்கிப் போட்டுடுவோம். வெறும் தண்ணியைத்தான் விக்கிறோம். அதுக்குள்ள ஒரு பாக்டீரியாகூட இருக்காது. ஆனா அந்தத் தண்ணி மாசக்கணக்கா வேலை செய்யும். என்சைம் உள்ள இருக்கிற வரைக்கும் பாக்டீரியா அதோட வாயைக் கட்டித்தான் வச்சிருக்கும், தன்னையே தின்னுடக் கூடாதுன்னு. வெளிய வந்ததும் கட்டு அவுந்துடும். அப்புறம் யார் சொல்லியும் கேக்காது."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ இதைத்தானே பதினோரு வருஷமா பாக்குற. இதை நிறுத்த ஏதும் வழி கிடையாதா?"

கோபத்தில் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்பது போல, உண்மையிலேயே பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். அதனால்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கக்க வைக்கத்தாங்க எனக்குத் தெரியும்" என்றாள். அழுகை வந்துவிட்டது. "அந்த மருந்தைக் குட்டி எடுக்கல. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல் தட்டுல இருந்துச்சு. ஸ்டூல் போட்டாக்கூட அவளுக்கு எட்டாது" என்றார் வாத்தியார். அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. ஆட்கள் போய் வருகிற அந்த வராந்தாவில் இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், அடுத்த சொட்டுக்கு நேரமாகும் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மறுபடி சுரண்டிப் பார்த்தார். கிருமி ஏறக்குறைய இல்லை. ஆனால் வெள்ளைப் புள்ளி பயறிலிருந்து பட்டாணி ஆகியிருந்தது, நடுவில் குழி விழுந்திருந்தது. கரைவதை மட்டுப்படுத்த மாத்திரை ஒன்று சேர்த்தார். "கிருமியோடது பாதின்னா, நம்ம உடம்பு சண்டை போடுறப்ப விடுறது மீதி. ரெண்டும் சேர்ந்து கரைக்குது. மெலிஞ்சுக்கிட்டே வருது. பாப்போம்" என்றார். டாக்டர்கள் 'பாப்போம்' என்றால் என்ன என்று தட்டக்காவுக்குத் தெரியும். தொட்டி கெட்டுப்போய்க்கொண்டிருக்கும்போது எப்பமுடியும் கேட்டால் அவளும் அதைத்தான் சொல்லுவாள்.

அன்று முழுக்க மருந்து விட்டாள். சொட்டு விழும், குழியில் தேங்கும், வழியும். துடைப்பாள். கடிகாரத்தைப் பார்ப்பாள். செய்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது. அது பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் பிந்தவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். குட்டி தண்ணீர் கேட்டாள். எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கினவள் குடிக்காமல் நிறுத்தினாள்.

"அண்ணி, வலி போயிடுச்சு."

"என்னது?"

"டக்குன்னு போயிடுச்சு. கன்னத்துல ஏதோ சூடா வழியுது, பாருங்க."

தட்டக்கா டம்ளரைத் தட்டிவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள். மெலிந்துகொண்டே வந்த கருவிழி ஓட்டையாகி, கண்ணின் உள்ளே இருந்த அழுத்தம் அதன் வழியாக இறங்கிவிட்டது. அதனால்தான் வலி போனது. அதைக் குட்டியிடம் எப்படிச் சொல்வது? அவள் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு ஒரு நிம்மதி தெரிந்தது.

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு ஊர் கண் வங்கியில் ஒரு கருவிழி இருந்தது. முகம் தெரியாத யாரோ இறந்துபோய்க் கொடுத்தது. சாயங்காலமே வைத்துத் தைத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "கண்ணைக் காப்பாத்திட்டோம்" என்றார். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். தட்டக்கா மட்டும், "பார்வை?" என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "கண்ணு இருக்கும்மா" என்றார் மறுபடி.

மூன்று மாதம் ஆயிற்று. தையல்கள் ஆறின. ஆனால் வைத்த கருவிழி மெல்ல மெல்ல வெளுத்து, அரைத்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. குட்டிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா சுவர் இருக்கிறதா என்பது தெரியும், அவ்வளவுதான். இன்னொன்று மாற்றி வைக்கலாம். ஆனால் ஒரு வருஷமாவது போகணும், போனாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

தட்டக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். போகாமல் இருந்து என்ன செய்வது? தொட்டிகள் ஒழுங்காகக் கக்கின. வளையங்களை அளந்து எழுதினாள். ஒரு நாள் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்து, எப்பமுடியும் அறை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள். விட்டால் மட்டும் எது மாறிவிடும்?

வீட்டில் ஒரே ஒரு தடவை பேச்சை எடுத்தாள். "குட்டி, டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

குட்டி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க கொடுத்தீங்கன்னு சொன்னா கண்ணு வந்துருமா?" என்றாள். அப்புறம் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "எனக்கும் ஆத்திரம் இருக்கு அண்ணி. இல்லாம இல்ல. அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னுதான் தெரியல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. மருத்துவ விடுப்பு முடிகிறது, கண் பரிசோதனைக்கு வரவும் என்று. வாத்தியாருக்குப் பரீட்சை நேரம். தட்டக்காதான் கூடப் போனாள்.

பரிசோதனை அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. நாலு பேருக்குப் பிறகு குட்டியின் முறை. கதவு திறந்து மூடும்போதெல்லாம் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகை தெரிந்தது. குட்டி தட்டக்காவின் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

"அதே பலகை. ஏழு வருஷமா மாத்தல. கடைசி வரி வரைக்கும் எனக்கு மனப்பாடம்."

தட்டக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணுக்குள்ள விளக்கு அடிச்செல்லாம் பாக்க மாட்டாரு அண்ணி. வலது கண்ணை மூடச் சொல்லுவாரு, படின்னு சொல்லுவாரு. ஒப்பிச்சுட்டு வந்துரலாம்." அவள் குரலில் விளையாட்டு இல்லை. "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டா வெள்ளை வெளியில தெரியாது. சொல்லவா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் எந்த வாயால்? சொல்லு என்றும் சொல்ல முடியாது. அவள் குட்டியின் மடியில் கிடந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். குட்டி ஒரு நிமிஷம் பதிலுக்காகப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். கதவு மூடிக்கொண்டது.

வலது கண்ணுக்கு அவள் எழுத்துகளைக் கடகடவென்று படிப்பது வெளியே கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. தட்டக்கா பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த ஆள், "படிங்கம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "படிங்க" என்றார். சத்தமில்லை.

குட்டி கையில் ஒரு சீட்டோடு வெளியே வந்தாள்.

"சொல்லலையா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு."

"அப்புறம்?"

"பின்னாடி அம்பது பேரு உக்காந்திருப்பாங்க அண்ணி."

அலுவலகத்தில் உட்கார வைத்து வண்டிகளின் நேரம் எழுதுகிற வேலை தருவதாகச் சீட்டில் இருந்தது. குட்டி அதை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். இருவரும் டிப்போ வாசலுக்கு வந்து நின்றார்கள். பேருந்து ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் அவளுக்குத் தெரிந்தவர், ஹாரனைச் செல்லமாக ஒரு தட்டு தட்டி, "ஏறு குட்டி!" என்றார். அவளும் கையை உயர்த்தினாள்.

ஏறப் போனவளின் கால் படிக்கு ஒரு சாண் முன்னாலேயே அந்தரத்தில் இறங்கித் தடுமாறியது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. தினம் பத்து தடவை ஏறி இறங்கிய படி.

"எங்க அண்ணி இருக்கு?" என்றாள் மெதுவாக, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காமல்.

தட்டக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்றாள். "இன்னும் கொஞ்சம்."